அக்காவுக்கு எழுதிய ஒரு வரி

"மாமா, இந்த வரி வேண்டாம்."

சொல்லும்போதே ஷீபா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். ஷீபா என் அக்காவின் மூத்த மகள். குன்னத்துகால் ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிறாள். அன்று அக்காவை முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். வெளியே விடாத மழை. முற்றத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தேங்கி வயிறு தள்ள, யாரோ ஒருவர் கம்பால் அதை உயர்த்திக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளறையில், ஷீபாவின் பழைய தையல் மெஷின் மேல் தாளை வைத்து, அக்காவின் ஜீவிய சரித்திரத்தை எழுதி முடித்திருந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், பிள்ளைகள், செய்த வேலை, கிடந்த நோய், எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். ராஜாவுக்கு ஆயிரம் பக்கம் என்றால் எங்களுக்கு ஒரு பக்கம். அந்த ஒரு பக்கம் வாசிக்காமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை.

ஷீபா முதலிலிருந்து படித்தாள். ஆறாவது வரியில் நின்றாள். நான் எழுதியிருந்தது இதுதான்: "வெள்ள நாட்களில் தன் தம்பியைத் தோளில் சுமந்து, தோட்டைக் கடந்து, பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்த்தார்." தோடு என்றால் எங்கள் ஊரில் ஓடை.

"இது தாத்தாவுக்க கதையாக்கும். இதை எதுக்கு மாமா அம்மைக்குப் போடுதீங்க? சபையில எல்லாருக்கும் தெரியும். சிரிப்பாவ."

கோடு போட்டாள். ஒரு கோடு அல்ல, எழுத்தே தெரியாதபடி மூன்று கோடு. நான் "சரி மக்கா" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை ஊரார் விட்ட கதைகளைச் சொல்லி நிறையச் சிரித்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை. அந்த "சரி மக்கா" எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நான் நாவல் படித்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ராஜாவு ஜயிச்சோ?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பெரும்பாலும் நெய்யாற்றின்கரைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில்தான் என் வாழ்க்கை ஓடியது. வெள்ளறடையில் வண்டி திரும்புவதற்கு முன் இருபது நிமிஷம் கிடைக்கும். டிரைவர் சுகுமாரன் சாயா குடிக்கப் போவார். நான் கடைசி சீட்டில் காலை நீட்டிக்கொண்டு சரித்திர நாவலைத் திறப்பேன்.

தொடர்கதைக் காலம் அது. வாரப் பத்திரிகை வியாழக்கிழமையே களியக்காவிளைக்கு வந்துவிடும். அங்கிருந்து எல்லை தாண்டி எங்கள் பக்கத்துக் கடைக்கு வர சனிக்கிழமை ஆகும். பாறை விளிம்பில் ராஜகுமாரி தொங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு நாள் யார் பொறுப்பது? டியூட்டி முடிந்த சூட்டோடு களியக்காவிளைக்கு ஓடுவேன். காக்கிச் சட்டையோடு கடை வாசலில் நின்றே அந்த நாலு பக்கத்தையும் விழுங்கிவிட்டுத்தான் சில்லறையை எண்ணிக் கொடுப்பேன்.

சுகுமாரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் நாவலில் என்ன நடக்கிறது என்பது என் முகத்தைப் பார்த்தே தெரியும். வண்டியை எடுக்கலாமா என்று ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து மலையாளத்தில் கேட்பார்: "எடோ, ராஜாவு ஜயிச்சோ? நமக்கு வண்டி எடுக்காமோ?"

ஒருநாள் பனச்சமூட்டில் இறங்க வேண்டிய ஒரு அம்மாளை வெள்ளறடை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். பெல் அடிக்கச் சொல்லிக் கத்தினாளாம். என் காதில் குதிரைக் குளம்புச் சத்தம்தான் கேட்டது. திரும்பி வரும் வண்டியில் அவளுக்கு ஜன்னலோர சீட் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

வயது ஏற ஏற வாள் சண்டை சலித்துவிட்டது. வாழ்க்கை வரலாற்று நாவல்கள் பக்கம் சாய்ந்தேன். ஒரு சிற்பியின் வாழ்க்கை, ஒரு படைத் தலைவனின் வாழ்க்கை, கப்பல் கட்டிக் கெட்ட ஒரு வியாபாரியின் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து செத்தது வரை ஒரு ஆளை முழுதாகக் கையில் பிடித்துப் பார்க்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. அப்படிப்பட்ட நாவல்களில் முன்னுரையில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும். சுவைக்காகச் சில இடங்களில் கற்பனை கலந்திருக்கிறேன், வாசகர்கள் பொறுத்தருள்க என்று.

அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது எழுத்தாளருக்குக் கொடுத்த அனுமதி என்பதை மறந்து, எனக்கும் கொடுத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

புல்லு வெட்டினது ஆரு?

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு இரண்டு வயதில் அம்மை போய்விட்டாள். அக்கா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தாள். எழுத்துக் கூட்டி பைபிள் வாசிப்பாள். ஒரு சங்கீதம் முடிக்க அரை மணி நேரம் ஆகும்.

நான் வாங்கி வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, சாக்குத் தைக்கிற ஊசியால் புத்தகமாகத் தைத்துத் தருவது அவள்தான். அப்படித் தைத்தவை பதினேழு இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன. அட்டைக்கு உரச்சாக்குத் தாள். உள்ளே ஒரு பக்கம்கூட முன்பின் மாறியிருக்காது. படத்தைப் பார்த்தே வரிசை பிடித்துவிடுவாள்.

கல்யாணமாகி அவள் குன்னத்துகாலுக்குப் போன பிறகும், ஓய்வு கிடைக்கிற மத்தியானங்களில் புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, தொலித்துக்கொண்டிருப்பாள். நான் வாசிப்பேன். கத்தி தோலை உரிக்கிற சத்தத்தோடு ராஜ்ஜியங்கள் எழுந்து விழும். பச்சை மரச்சீனி வாசனை வந்தால் எனக்கு இன்றும் யுத்தம் ஞாபகம் வருகிறது.

ஆனால் அக்கா கதை கேட்கிற விதம் இருக்கிறதே, அது என்னைக் கொல்லும்.

பத்தாயிரம் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிற இடம். நான் குரலை உயர்த்தி, மூச்சுப் பிடித்து வாசிக்கிறேன். அக்கா கத்தியை நிறுத்துவாள்.

"எலே, இம்புட்டு குதிரைக்கும் புல்லு வெட்டினது ஆரு?"

"அதெல்லாம் எழுதல்ல அக்கா. கதையைக் கேளு."

"கேக்கத்தான் செய்யுதேன். நீ வாசி."

இன்னொரு நாள். ராஜகுமாரி மாறுவேடத்தில் தப்பி, பெருக்கெடுத்த ஆற்றை ஓடத்தில் கடக்கிறாள். மின்னல், இடி, பின்னால் எதிரிகள். அந்த அத்தியாயத்தை நான் நாலு தடவை படித்தவன்.

"அந்த ஓடக்காரனுக்குப் பேரு உண்டா?"

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "இல்ல. ஓடக்காரன்னுதான் போட்டிருக்கு."

"பேரு இல்லாதவன் துடுப்பு போட்டுல்லா அவ அக்கரை சேந்தா."

எனக்கு எரிச்சலாக வந்தது. படிக்காத பெண்ணுக்கு இலக்கியம் எங்கே புரியப்போகிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பனுக்கு ஒரு ஆறு

நாவல் படிக்கிறவன் என்ற பெயரால் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. சபையில் யாராவது இறந்தால், "ஜீவிய சரித்திரமா? கண்டக்டரை விளி" என்று ஆள் அனுப்புவார்கள்.

நானும் சளைக்காமல் எழுதினேன். ரப்பர் பால் வெட்டிய ஒருவரை "விடியலுக்கு முன்பே வனத்தோடு போர் தொடுத்தவர்" என்று எழுதினேன். சாயாக்கடைக்காரர் ஒருவருக்கு "இவரது அடுப்பு அணைந்ததை இந்த ஊர் கண்டதில்லை" என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்து எழுதினேன். வீட்டார் அழுதார்கள், ஊரார் தலையாட்டினார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

பிறகு அப்பன் இறந்தார். எனக்குத் தலையில் கறுப்பு முடி மிச்சமிருந்த காலம்.

ஊரார் அப்பன்மாருக்கெல்லாம் எழுதினவன் சொந்த அப்பனுக்கு என்ன எழுதப்போகிறான் என்று சபையே காத்திருந்தது. நான் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்பன் அதிகம் பேசாத மனுஷன். மரச்சீனி நட்டார், பிடுங்கினார், மறுபடி நட்டார். கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எடுப்பார். இதில் எங்கே அத்தியாயம் பிரிப்பது?

அடுப்படிக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். வந்தவர்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பனைப் பத்தி நல்லதா எதாவது சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பன் நட்ட கம்பு ஒண்ணுகூட பட்டுப்போனது இல்ல. அவருக்க கை அப்படி. வேற ஆளுவ வந்து, எங்க வெளையிலயும் ஒரு கம்பு ஊணித் தாரும்னு கூட்டிட்டுப் போவாவ. அதை எழுது."

அதை நான் எழுதவில்லை. மரச்சீனிக் கம்பு முளைத்ததை வைத்து யாரை அழவைப்பது? எனக்கு வேண்டியது ஒரு வெள்ளம். நான் படித்த நாவல்களில் வெள்ளம் கடக்காத கதாநாயகனே கிடையாது. என் வாழ்க்கையிலும் ஒரு வெள்ளம் இருந்தது. ஆனால் அதில் அப்பன் இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் வீடு இருந்த கரையில் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ்ப் பள்ளிக்கூடம் தோட்டுக்கு அக்கரையில். ஜூன் மாத இடவப்பாதி மழையில் தோடு பொங்கித் தென்னந்தடிப் பாலத்தைக் கொண்டுபோய்விடும். "இக்கரையில பள்ளிக்கூடம் இருக்கச்சில அக்கரைக்கு எதுக்கு? இவன் போவாண்டாம்" என்று அப்பன் சொல்லிவிட்டார். அக்காதான் குறுக்கே வந்தாள். "நான் கொண்டு விடுதேன் அப்பா. நமக்க வீட்டில தமிழ் பைபிள் வாசிக்க ஒருத்தனாவது வேணும்லா." அவளுக்கு அப்போது பதினாலு வயது. எனக்கு ஆறு.

அக்கா இருந்த இடத்தில் அப்பனை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். நாவலாசிரியர்கள் இரண்டு பேரை ஒரே பாத்திரமாக ஆக்குவதில்லையா, அதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்த கையோடு தோட்டை நெய்யாறாக்கினேன். ஒரு மின்னலையும் சேர்த்தேன். "என் மகன் தமிழ் படிக்க வேண்டும்" என்று மார்பளவு தண்ணீரில் நின்று அப்பன் முழங்குகிறார்.

கோயிலில் வாசித்தபோது சத்தமே இல்லை. பிறகு அங்கங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அக்கா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

மாலையில் எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து நின்றாள். 

"நல்லா எழுதியிருக்க மக்கா. அப்பன் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு." பிறகு சிரித்தாள். "தோட்டை ஆறாக்கிட்டியேலே."

அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒட்டு மீசை

அதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். கதை வளர்ந்தது. போதகர் பிதாவின் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் என் அப்பன் நெய்யாற்றில் இறங்கினார். சபை மலர் அச்சடித்தபோது அதில் ஒரு முழுப் பக்கம். ஒருவர் என்னிடமே வந்து, தான் சின்ன வயதில் கரையில் நின்று அதைப் பார்த்ததாகச் சொன்னார். நான் ஆமாம் போட்டேன்.

ஒரு ஆண்டுவிழாவில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதை நாடகமாகப் போட்டார்கள். சொல்லிக்கொடுத்தது ஷீபா. உடை தைத்ததும் அவள். நீலச் சேலை இரண்டை நீளமாகப் பிடித்து ஆட்டி ஆறு. ஒரு பையனுக்கு வேட்டி கட்டி, மீசை ஒட்டி, தோளில் இன்னொரு பொடியனை ஏற்றிவிட்டிருந்தாள். மீசை அசல் மீசையாகவே இருந்தது. கடையில் வாங்குகிற பளபளப்பு மீசை இல்லை.

அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பன் அக்கரை சேர்ந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை தட்டுவதைப் பார்த்தபோதாவது நான் முன்னால் போயிருக்க வேண்டும். மேடை பத்தடிதான் இருக்கும்.

ஷீபாவிடம் அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னால் தம்பி சபையில் பொய் வாசித்தான் என்று வரும். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அக்கா படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிற்பியின் வாழ்க்கை. அவன் தன் தாயைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறான். அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"எலே, இதெல்லாம் நடந்ததா, இல்ல நீ எழுதின மாதிரி எழுதினதா?"

அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. அதனால் நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்திருக்க வேண்டும். அக்கா, நான் தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அறுநூறு பக்கம் வாசித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

சரி மக்கா

மறுபடியும் அந்தத் தையல் மெஷினுக்கு வருகிறேன்.

அன்று நான் எந்த அலங்காரமும் செய்யவில்லை. ஆறு இல்லை, மின்னல் இல்லை. தோட்டைத் தோடு என்றே எழுதினேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஜீவிய சரித்திரங்களிலேயே ஒட்டுப் போடாத வரி அதுதான். அதைத்தான் ஷீபா வெட்டினாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. "நீங்க எழுதினதுதானே மாமா, மலர்ல கிடக்கே. பிள்ளைகளுக்கு நானாக்கும் நாடகம் சொல்லிக் குடுத்தேன். இப்ப வந்து அம்மைக்கும் அதையே போட்டா, கண்டக்டருக்குச் சரக்கு தீந்து போச்சுன்னு சொல்லுவாவ."

நான் வாயைத் திறந்தேன். "ஷீபா, அது..."

வெளியே போதகரின் கார் வந்து நின்றது. யாரோ "எழுதியாச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். முன்னறை முழுக்கச் சபையார். உள்ளேயும் வெளியேயும் எனக்குத் தெரியாத முகம் ஒன்றும் இல்லை. இவர்கள் எல்லாருக்கும் முன்னால், அக்காவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, என் அப்பன் ஆற்றில் இறங்கவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"சரி மக்கா" என்றேன்.

கோயிலில் செயலாளர் வாசித்தார். பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், விவாகம் செய்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார், வியாதிப்பட்டார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த சபை மூப்பர் என் காதோரம் குனிந்தார்.

"என்ன ஓய், அக்காளுக்கு ஒண்ணும் எழுதல்லியா? அப்பனுக்கு எழுதினது எப்படி இருந்துது!"

மழையில் நனைந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. நான் ஒரு பிடி போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மெஷின் நின்றது

இதை எழுதுவதற்கு முன்னால் ஷீபாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் அவள் கடைக்குப் போனேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பன் வேண்டாம் என்று சொன்னது, அக்கா குறுக்கே வந்தது, நான் ஆளை மாற்றியது, எல்லாம்.

மெஷின் நின்றது. அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மை அந்த நாடகத்தைப் பாத்தது?"

"தெரிஞ்சுதான் பாத்தா."

"அந்த மீசை எதுல செய்தேன்னு தெரியுமா மாமா?"

எனக்குத் தெரியாது.

"கடையில கிடைக்கல்ல. அம்மைதான் தலையில இருந்து ஒரு பிடி முடியை வெட்டித் தந்தா. உனக்க தாத்தாவுக்கு மீசை வேணும்லா பிள்ளே, இந்தான்னு." ஷீபா நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு ஏன் மாமா சொல்லல்ல? நான் கோடு போடும்போது கையைப் பிடிச்சிருக்கலாம்லா?"

எத்தனையோ நாவல்களில் இப்படி ஒரு கட்டம் வரும். குற்றம் செய்தவன் ஒரு நல்ல பதில் சொல்லுவான். நான் அவள் முதலில் காட்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். 

ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எழுதுங்க. ஆனா தோட்டைத் தோடுன்னே எழுதணும்."

எழுதுகிறேன்.

அது தோடுதான். மழை இல்லாத நாளில் முழங்கால் நனையாது. இடவப்பாதியில் அவள் இடுப்புக்கு மேல் வரும். பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொள்வாள். என் சிலேட்டுப் பையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைத் தோளில் ஏற்றிக்கொள்வாள். ஒரு மரச்சீனிக் கம்பால் குத்திக் குத்தி ஆழம் பார்த்து இறங்குவாள். அப்பன் வெட்டிப் போட்ட கம்பு. அவருக்கு அதில் அவ்வளவுதான் பங்கு.

நான் பயத்தில் அவள் முடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வேன். "முடியைப் பிடிக்காதேலே, வலிக்கு. நெத்தியைப் பிடி" என்பாள். நான் கேட்க மாட்டேன். எண்ணெயும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை அந்த முடியில் இருக்கும். அக்கரையில் இறக்கிவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை ஈரத்தோடு நிற்பாள். நான் உள்ளே போய்விடுவேன்.

பிறகு அவள் தனியாகத் திரும்ப வேண்டும். மாலையில் தனியாக அக்கரைக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் அந்தத் தண்ணீரில் இறங்கினாள். என்னோடு இரண்டு, நான் இல்லாமல் இரண்டு. நான் இல்லாத இரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அப்படித்தான் நான் தமிழ் படித்தேன். அப்படிப் படித்த தமிழில்தான் பதினேழு புத்தகம் தைக்கிற அளவுக்குக் கதை வாசித்தேன். அதே தமிழில்தான் அவளை அழித்தேன்.

அப்பனுக்கு எழுதிய தாளில் அவள் "மூத்த மகள்" மட்டும்தான். இந்த அத்தியாயத்திலும் இதுவரை அக்கா என்றே எழுதிவந்திருக்கிறேன். பெயரில்லாத ஓடக்காரனுக்காக என்னிடம் கேட்டவள் பெயர் ஞானப்பூ.